பகல் உறக்கத்துக்கு ஒரு சான்று

என் அம்மா வகுப்பில் தூங்குகிறாள் என்பது ஊரில் கடைசியாகத் தெரிந்தது எனக்குத்தான். முதலில் அவளிடம் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்தது, பிறகு பிள்ளைகளின் தாய்மாருக்கு. என்னிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. எனக்கு அந்த வயதிலேயே வாய் நீளம் என்று பேர். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரிதான் கிணற்றங்கரையில், என் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"டீச்சரம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதும் உண்டா பிள்ளே? எனக்க மவ சொல்லுதா, இப்பம் வகுப்புல ஒருத்தரும் சத்தம் போட மாட்டாவளாம். டீச்சர் ஒறங்குதாவ, எழுப்பப்பிடாதுன்னு ஒருத்தருக்கொருத்தர் வாயப் பொத்துதாவளாம்."

அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். பாவம், குடத்தைப் பாதி நிறைத்ததோடு போய்விட்டாள். ஆனால் மறுநாள் எனக்குத் தையல் மெஷினில் கால் ஓடவில்லை. பத்தரை மணிக்கு எழுந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

எங்கள் ஊர் பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில் இருந்தது. சர்க்கார் பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் தமிழ் வகுப்பு. ஒன்றிலிருந்து நாலுவரை எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரே அறையில்தான், எல்லோருக்கும் ஒரே டீச்சர், என் அம்மா. மற்ற அறைகளிலெல்லாம் மலையாளம். நான் சன்னலுக்கு வெளியே மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளையில் நின்று பார்த்தேன். அம்மா நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கில் சாக்குக்கட்டி. கண் மூடி, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிள்ளைகள் ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள், குச்சி கீச்சிடாமல் மெதுவாக. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத்து வரைந்து காட்டினார்கள். அவளுக்குப் பயந்து அப்படி இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவள்மேல் இரக்கப்பட்டு இருந்தார்கள்.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. வேலையிலிருந்து விடுபட இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஊராருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன், அம்மா பள்ளிக்கூடம் போனாள். அவள் வீட்டில் வாயில்லாப் பூச்சி. பேச்சு, சிரிப்பு, கோபம், பாட்டு எல்லாவற்றையும் அந்தக் கடைசி அறையில் செலவழித்துவிட்டு மாலையில் காலியாகத் திரும்பி வருவாள். அவள் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டுமென்றால் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தெற்கே இருக்கிற தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் கடையடைப்பும் நடந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தமிழ் பேசிய நாங்கள், எங்களையும் விட்டுவிடாதீர்கள் என்று அவர்களுக்குப் பின்னால் நின்று கத்தினோம். அதனால் எங்கள் பக்கத்துத் தமிழ் வகுப்புகள் மேல் அதிகாரிகளுக்கு ஒரு கண் இருந்தது. ஒரு குறை எழுதக் கிடைத்தால் போதும், மலையாள வகுப்போடு சேர்த்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அதற்கு முந்தைய வருகையில் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, டீச்சர் இருக்கிற வரைக்கும் நடக்கட்டும் என்று சொல்லிப் போயிருந்தார். அந்த டீச்சர்தான் காலை பத்தரைக்குத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன். "எம்மா, வகுப்புல இருந்து ஒறங்குதியா நீ?"

"ஒறங்கல்ல மக்கா. கண்ண மூடி இருந்தேன்." மூக்கடைப்போடு பேசினாள். சில வாரமாகவே அவளுக்கு மூக்கு அடைத்துக் கிடந்தது. சளி என்று நினைத்திருந்தேன்.

"பிள்ளிய எல்லாம் பாத்திட்டிருக்கு. ஒனக்கு நாணமா இல்லியா?"

அவள் கால் கழுவிவிட்டு வந்தாள். கஞ்சி குடிக்க உட்கார்ந்தாள். பயறைக் கையில் எடுத்தவள், வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே இருந்தாள். நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து, "எனக்கு என்ன பற்றிச்சுன்னு தெரியல்ல மக்கா. யாரோ உள்ள இருந்து பிடிச்சு இழுக்கது மாதிரி இருக்கு," என்றாள். அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். பார்த்தும் திட்டினேன்.

மருந்துக் கதையை இங்கே சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு நின்ற பிறகு அம்மாவுக்கு உடம்பில் சூடு ஏறி ஏறி இறங்கும். நெஞ்சு படபடக்கும். உட்கார்ந்த இடத்தில் வேர்த்துக் கொட்டும். ராத்திரி கண்ணே மூடாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மலையாள வைத்தியரின் கடை இருந்தது. அவர் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தை அவள் வருஷக்கணக்காகக் குடித்து வந்தாள். நல்ல மனிதர்தான். அவருடைய மகள்கூட முதல் இரண்டு வருஷம் அம்மாவிடம் தமிழ் எழுதப் படித்தவள்.

ஒரு கூட்டத்தில், மலையாளிகள் கடையில் ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்று மேடையில் ஒருவர் முழங்கினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன்.

"இனி அந்த வைத்தியருக்க கடைக்கு நீ போவப்பிடாது."

"அவரு என்ன செய்தாரு மக்கா?"

"அவரு ஒண்ணும் செய்யல்ல. அவருக்க ஆளுவ செய்யுதாவ. தமிழ் டீச்சர் போயி மலையாளத்தானுக்க கஷாயம் குடிச்சா நாலுபேரு என்ன சொல்லுவாவ?"

அம்மா, "செரி," என்றாள். அவள் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சட்டம் போட்டால் மட்டும் போதாது, மாற்று வழி வேண்டுமே. ஒரு சனிக்கிழமை அவளைப் பனச்சமூட்டுக்கு அழைத்துப் போனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு தமிழ் வைத்தியர் இருந்தார். அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாள் என்று கேட்டார். பொறுமையான ஆள். பொடியை எடுக்குமுன் கேட்டார்:

"வேற மருந்து ஏதும் குடிக்கியளா தாயி?"

அம்மா வாயைத் திறந்தாள். அவளை முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "ஒண்ணும் இல்ல. முன்னாடி ஒரு மலையாள வைத்தியருக்கிட்ட இருந்து குடிச்சாவ. அத நிறுத்தியாச்சு." அந்த 'நிறுத்தியாச்சு' எனக்கு ஒரு கொடியேற்றியது போல இருந்தது. அம்மா தரையைப் பார்த்தாள். அவர் வேர்ப்பொடி மடித்துக் கொடுத்தார். காலையும் மாலையும் பாலில்.

முதலில் நல்ல குணம் தெரிந்தது. அம்மா ராத்திரி அசையாமல் தூங்கினாள். படபடப்பு அடங்கியது. பார்த்தாயா, நம்ம ஆள் மருந்து நம்ம உடம்புக்குப் பிடிக்கும் என்று நான் பீற்றிக்கொண்டேன். பச்சிலைதானே, வேர்தானே, அதில் என்ன கெடுதல் வரப்போகிறது என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்தேன். ஒன்றரை மாதம் ஆகும்போது மூக்கு அடைத்தது. பிறகு பகலில் கண் சொக்க ஆரம்பித்தது. அதற்கும் பிறகு, அவள் காரணமில்லாமல் அழ ஆரம்பித்தாள். துணி மடித்துக்கொண்டிருப்பாள், கண்ணீர் தானாக வழியும். ஏன் என்று கேட்டால் தெரியாது என்பாள்.

வகுப்பில் அவளைப் பார்த்த பிறகு நான் தனியாக மறுபடியும் பனச்சமூட்டுக்கு ஓடினேன். வைத்தியர் யோசித்தார்.

"வேற ஒண்ணும் உள்ள போவல்லியே?"

"சத்தியமா இல்ல."

"அப்பம் ராத்திரி ஒறக்கம் ஆழமாட்டு இல்ல. அதாக்கும் பகல்ல சொக்குது. கொஞ்சம் கூட்டிக் குடுத்துப் பாரு. கேக்கல்லன்னா ஒடனே ஆளக் கூட்டிட்டு வா."

கூட்டிக் கொடுத்தேன். பாலில் கலக்கி, அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். கசப்பு. அவள் முகத்தைச் சுளித்தால், "ஒனக்க நல்லதுக்காக்கும்," என்பேன். ஆளைக் கூட்டிவரச் சொன்னது எனக்கு மறந்தே போனது. அவளைப் பஸ் ஏற்றி இறக்குவதே பெரும்பாடாக இருந்தது.

அப்புறம் நான் செய்த கூத்துகளைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. காலையில் தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். வறுத்த மிளகை முந்தானையில் முடிந்துவிட்டு, சொக்கும்போதெல்லாம் ஒன்று கடித்துக்கொள் என்றேன். தேயிலைச் சாயாவைக் கறுக்கக் காய்ச்சிக் கொடுத்தேன். கடைசியில் நாலாம் வகுப்புப் பெரிய பிள்ளை ஒருத்தியைப் பிடித்து, யாராவது வெளியாள் வந்தால் ஸ்லேட்டைக் கீழே போடு என்று சொல்லிவைத்தேன். அதற்குள் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவிட்டன. டீச்சர் ராத்திரி கள்ளு குடிக்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு வீட்டார் பிள்ளைகளை மலையாள வகுப்புக்கு மாற்றினார்கள். தமிழுக்காக என்னோடு கை தட்டியவர்கள்தான் அவர்கள்.

ஸ்லேட் விழுந்தது. வந்தவர் இன்ஸ்பெக்டர் அல்ல, போலீஸ்.

அந்த நாட்களில் பாறசாலைப் பக்கம் சுவர்களில் தமிழ் நோட்டீசுகள் ஒட்டியிருக்கும். விடியும்போது புதுசு இருக்கும், யார் ஒட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஊர்வலத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். ஆட்கள் தலைமறைவாகத் திரிந்தார்கள், அவர்களுக்கு யாரோ சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஹெட் கான்ஸ்டபிளுக்கு ஒரு கணக்கு தோன்றியிருக்கிறது. நல்ல தமிழ்க் கையெழுத்து உள்ள ஒருத்தி, புருஷன் இல்லாதவள், வீட்டில் போராட்டம் பேசுகிற மகள், போதாததற்குப் பகல் முழுக்கத் தூங்குகிறாள். பகலில் தூங்குகிறவள் ராத்திரி என்ன செய்கிறாள்?

ராத்திரி எங்கே இருந்தாய் என்று, அவர் வகுப்புக்குள் நின்று மலையாளத்தில் அதைத்தான் கேட்டார். "டீச்சரே, ராத்திரி எவிடெயாயிருந்நு?"

அம்மாவுக்கு விழிப்புத் தெளியவில்லை. ராத்திரியா, எந்த ராத்திரி என்று உளறியிருக்கிறாள். பிள்ளைகள் முன்னால் அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மூன்று நாள் காலையிலிருந்து மாலைவரை அங்கே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் கூடவே போய் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். அங்கேயும் தூங்கினாள். கேள்வி கேட்கும்போதே தலை சாய்ந்தது. ராத்திரி முழுக்க விழித்து நோட்டீஸ் ஒட்டுகிறவள், இங்கே நடிக்கிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரின் கடிதமும் வந்தது. சர்க்காருக்கு எதிரான ஆட்களுக்கு உதவியதாகத் தெரிகிறது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் வேலைநீக்கம். அதற்கு மேல் வழக்கு வேறு என்று ஹெட் கான்ஸ்டபிள் வாயாலேயே சொன்னார்.

என் வாய்வீச்சு எல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ. என் அம்மா ஜெயிலுக்குப் போவாள், இந்த உடம்போடு போனால் பிணமாகத்தான் வருவாள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் என் தலைக்குள் இல்லை. கூட்டத்தில் முழங்கிய ஆட்களைத் தேடிப்போனேன். பாதிப்பேர் உள்ளே, மீதிப்பேர் ஒளிவில். வீட்டுக்கு வந்து சமையற்கட்டில் உட்கார்ந்து கதறினேன். கதறலும் ஏச்சாகத்தான் வந்தது.

"நான் பாத்துப் பாத்து மருந்து தந்தும் இப்பிடி ஆச்சே! ஒரு மருந்தும் ஒனக்குப் பிடிக்காதா?"

சுவரில் சாய்ந்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "மருந்து ஒண்ணு இல்ல மக்கா. ரெண்டாக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் சட்டம் போட்ட பிறகு ஒரு வாரம் வைத்தியர் கடைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறாள். ஒரு நாள் அவரே வெளியே வந்து, டீச்சரே நம்மள மறந்துபோச்சா என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு மனசு தாங்கவில்லை. மத்தியான இடைவேளையில் உள்ளே போய், கஷாயத்தை அங்கேயே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். அன்று முதல் தினமும். பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நான் பார்த்துவிடுவேன். அவரிடம் பனச்சமூட்டுப் பொடியைச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும் என்று அதையும் சொல்லவில்லை.

"ஒனக்க பொடிய ஏன் குடிச்ச அப்பம்? வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

"ஒன்னப் பேடிச்சு, பயந்தாக்கும்," என்றாள்.

பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அப்படியே ஓடினேன். மாதக்கணக்கில் நான் முகம் திருப்பிக்கொண்டு நடந்த கடை அது. வைத்தியர் மர அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, முகர்ந்து, ஒரு துளி நாக்கில் வைத்தார். வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அமல்பொரி, நீங்க சர்ப்பகந்தின்னு சொல்லுத வேரு," என்றார். "எனக்க கஷாயத்திலயும் இது உண்டு மோளே. படபடப்புக்கும் ஒறக்கத்துக்கும் நல்ல வேராக்கும், அளவா இருந்தா. எத்தன வேள குடுத்த?"

சொன்னேன். கூட்டிக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு நெற்றியில் கை வைத்தார். அவர் கண் கலங்கியது. "தெனமும் இஞ்ச வந்து இருந்து குடிச்சிட்டுப் போவாவ. கண்ணு சொக்குதேன்னு நான் கேட்டப்பம், வயசாச்சுன்னு சிரிச்சாவ. நான் இன்னும் ரெண்டு வார்த்த கேட்டிருக்கணும். அய்யோ, டீச்சரே." மூக்கு அடைப்பதும், காரணமில்லாமல் மனசு கீழே விழுந்து அழுகை வருவதும் அந்த வேர் மிஞ்சினால் வரக்கூடும் என்றார். இரண்டையும் நிறுத்தச் சொன்னார்.

அவர் திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். நான் கையைக் கூப்பினேன். "வைத்தியரே, இத ஒரு கடுதாசில எழுதித் தரணும். மருந்து மிஞ்சினதாலதான் பகல்ல ஒறங்கினாவ, ராத்திரி எங்கயும் போகத் திராணி இல்லாத ஆளுன்னு. போலீஸுக்குக் காட்டணும். மலையாள வைத்தியரு எழுதினா நம்புவாவ."

அவர் உடனே பேனாவை எடுக்கவில்லை. "எழுதலாம். ஆனா டீச்சருட்ட ஒரு வார்த்த கேட்டியா? அவங்களப் பற்றி எழுதுத காரியமாக்கும். எழுதின பொறவு மாற்ற முடியாது."

"கேக்க நேரமில்ல," என்றேன். அதுதான் நான் சொன்னது. அந்தத் தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கால்மணி நேர நடைதான்.

அவர் எழுதினார். அழகான மலையாளக் கையெழுத்து. இத்தனை மாதமாக இந்த அம்மாள் மருந்தின் வேகத்தால் பகல் முழுவதும் தன்னுணர்வு குறைந்த உறக்கத்தில் இருந்தார், ராத்திரியும் அப்படியே, எழுந்து நடமாடும் நிலையில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை ஹெட் கான்ஸ்டபிளிடம் கொடுத்தேன். அவருக்கு வைத்தியரைத் தெரியும். இரண்டு தடவை படித்துவிட்டு அவர் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்களிடம் வாசித்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எழுதிவைத்திருந்ததில் அம்மா பேரைக் கோடு போட்டு அடித்தார், அன்றோடு போலீஸ் தொந்தரவு நின்றது. நான் வழியெல்லாம் ஓடினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

விளக்கம் கேட்டிருந்தாரே என்று, அதே கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து இன்ஸ்பெக்டருக்கும் அனுப்பிவைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான். பத்து நாளில் பதில் வந்தது. போராட்டக்காரர்களுக்கு உதவிய குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. ஆனால் இந்த ஆசிரியை பல மாதங்களாகப் பாடம் நடத்தும் நிலையில் இல்லை என்பது அவர் தரப்பிலேயே தரப்பட்ட வைத்தியச் சான்றால் தெளிவாகிறது. உடல் தகுதி இல்லாத காரணத்தால் அவர் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். பிள்ளைகள் குறைந்துபோனதாலும், பொறுப்பேற்கத் தமிழ் ஆசிரியை இல்லாததாலும் அந்தப் பிரிவு நிறுத்தப்படுகிறது. நான் எழுதி வாங்கிய வரிகளை வைத்தே எழுதியிருந்தார்கள். ஒரு பொய்கூட இல்லை.

மருந்து நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று அம்மா தெளிய. முதலில் மூக்கு திறந்தது. பிறகு பகலில் விழித்திருந்தாள். அழுகை கடைசியாகத்தான் போனது. வேர்தான் காரணமா, வயதும் சூடும் சேர்ந்ததா என்று யாரும் எனக்கு அறுதியிட்டுச் சொல்லவில்லை. பனச்சமூட்டு வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "நான் ரெண்டு மட்டம் கேட்டேனே பிள்ளே," என்றார்.

நன்றாக விழித்துக்கொண்ட என் அம்மாவுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலையில் ஏழு மணிக்கே குளித்துச் சேலை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்பதரைக்குப் பள்ளிக்கூட மணி அடிப்பது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அவள் பிள்ளைகள் மலையாளப் புத்தகத்தோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போகப் பழகிவிட்டார்கள். அம்மா என்னைக் குறை சொல்லவே இல்லை. நான் தைப்பதற்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். அவள் ஒரு சொல் ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பகலெல்லாம் அந்த அமைதியைப் பார்த்துக்கொண்டு மெஷினை மிதித்தேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது.

பிறகு ஒரு நாள் காற்று மாறியது. உள்ளே இருந்தவர்களை விட்டார்கள். வழக்குகளை எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் போராட்டத்துக்காக ஜெயிலுக்குப் போய் வேலை இழந்த இரண்டு வாத்தியார்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பனச்சமூட்டில் அவர்களுக்கு வரவேற்பு வைத்தார்கள். நான் போக மனமில்லாமல் இருந்தேன். அம்மாதான், "வா, போயிட்டு வருவோம்," என்று சேலை மாற்றினாள்.

கூட்டம் நிறைய. அந்த வாத்தியார்களில் ஒருவருக்கு அம்மாவின் வயதுதான். மெலிந்திருந்தார். மேடையில் ஒருவர், விழித்திருந்து தமிழைக் காத்தவர்கள் என்று அவர்களைப் புகழ்ந்து மாலை போட்டார். கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸ்டேஷனில் வாசித்த கடிதம் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. எங்கள் ஊரில் அவளுக்கு அப்போது இருந்த பேர் உறக்க டீச்சர்.

கடைசி பஸ்ஸில் திரும்பினோம். சன்னலோரம் இருந்த அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, கோபமே இல்லாமல், வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில் சொன்னாள்.

"ஜெயிலுக்குப் போனவிய எல்லாம் திரும்பி வந்தாச்சு, பாத்தியா மக்கா."

"நீ போயிருந்தா செத்திருப்ப," என்றேன்.

"செத்திருக்கலாம். இல்லன்னா வந்திருக்கலாம்." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நான் ராத்திரி முழுக்க முழிச்சிருந்து நோட்டீஸ் ஒட்டினேன்னு அந்தப் போலீசுகாரன் எழுதினான். பொய்யாக்கும். ஆனா எனக்க பேர்ல ஒருத்தரு எழுதினதுல அது ஒண்ணுதான் நல்லாருக்கு, கொள்ளாம்னு இருந்துது. அதப் போயி நீ அடிச்சிட்டு வந்திட்ட."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. எங்கள் ஊர் வந்தது. நான் எழுந்து மணிக்கயிற்றை இழுத்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால், ஒருவர் உதவியும் இல்லாமல் இறங்கினாள்.